பழைய வீடு வாங்குவதற்கு முன்: சோதனை முதல் சீரமைப்புத் திட்டம் வரை

தமிழ்நாட்டு நகரங்களில் இன்று விலைக்கு வரும் பழைய தனி வீடுகளைப் பெரும்பாலும் இரண்டு வகைகளுக்குள் அடக்கிவிடலாம். சுண்ணாம்புக் கலவையில் செங்கல் சுவர் எழுப்பி, மரக்கட்டைகளின் மேல் மட்டப்பா எனும் தட்டையான தளம் போட்டோ ஓடு வேய்ந்தோ கட்டிய வீடு ஒரு வகை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கும்பகோணம், மதுரை ஆகிய ஊர்களின் பழைய தெருக்களிலும் செட்டிநாட்டிலும் இவை இன்னும் நல்ல எண்ணிக்கையில் நிற்கின்றன. சிமெண்டில் சுவர் கட்டிக் கம்பியிட்ட கான்கிரீட் தளம் போட்ட, 1960களுக்குப் பிந்தைய வீடு இரண்டாம் வகை. இரண்டும் வெவ்வேறு விதமாகவே மூப்படைகின்றன. முதல் வகையில் மரத்தின் முனையும் சுவரின் அடிப்பகுதியும் முதலில் கெடுகின்றன, இரண்டாம் வகையில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முதலில் கெடுகிறது. ஆனால் இரண்டையும் கெடுப்பது தண்ணீர்தான். ஆகவே ஒரு பழைய வீட்டைச் சோதிப்பது என்றால், அந்த வீட்டில் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, எங்கே வெளியேற முடியாமல் தங்குகிறது என்பதைக் கண்டறிவதே அதில் பாதி வேலை என்று நான் கருதுகிறேன். சீரமைப்பையும் அதே வரிசையில் திட்டமிட்டால் பணம் வீணாகாது.

வீடு எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விற்பவர் சொல்லும் வயதை மட்டும் நம்ப வேண்டாம். வாசல் நிலையின் அருகே சுவரின் கனத்தை அளந்தால் ஓரளவு தெரிந்துவிடும். பதின்மூன்றரை அங்குலமோ பதினெட்டு அங்குலமோ இருந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்புக் காலத்துச் சுவர். மாடிப்படியின் அடியிலோ கொல்லைப்புறத்திலோ பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் இடுக்கை நகத்தால் கீறிப் பாருங்கள். வெண்மையாக மாவு போல உதிர்ந்தால் சுண்ணாம்பு, சாம்பல் நிறத்தில் நகத்துக்கு அசையாமல் இருந்தால் சிமெண்டு. உட்கூரையில் வரிசையாக மரக்கட்டைகளும் அவற்றுக்கு இடையே சாய்வாக அடுக்கிய மெல்லிய செங்கற்களும் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மட்டப்பா.

நடைமுறையில் மிகுதியாகக் காணப்படுவது இவ்விரண்டும் கலந்த வீடு. முன்கட்டு சுண்ணாம்பில் இருக்கும். பின்னாளில் சமையலறை, குளியலறை, ஒரு மாடி அறை ஆகியவற்றைக் கான்கிரீட்டில் சேர்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பழையதும் புதியதும் சேரும் கோட்டைத் தரையிலிருந்து மொட்டை மாடி வரை தொடர்ந்து பாருங்கள். இரண்டு அஸ்திவாரங்களும் ஒரே அளவில் இறங்குவதில்லை என்பதால் விரிசலும் ஒழுக்கும் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் தொடங்குகின்றன.

எப்போது போய்ப் பார்ப்பது

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பதற்கு இணையான சோதனை வேறில்லை. கோடையில்தான் பார்க்க முடிகிறது என்றால் தண்ணீர் விட்டுச் சென்ற தடங்களைத் தேட வேண்டும்: உட்கூரையில் பழுப்பு வளையங்கள், சுவர் அடியில் உப்புப் பூத்த வெள்ளைப் படிவு, அலமாரியின் பின்புறத்தில் பூஞ்சை மணம், கதவு நிலையின் அடிப்பகுதியில் மரம் கறுத்திருத்தல். ஒரே ஒரு அறைக்கு மட்டும், அல்லது ஒரே ஒரு சுவரின் கீழ் மூன்றடிக்கு மட்டும் அண்மையில் வண்ணம் பூசியிருந்தால் அதற்கான காரணத்தைக் கேளுங்கள். விற்பனைக்கு முன் பட்டி பார்த்து வண்ணம் அடிப்பது இயல்பு என்றாலும், ஓதம் (சுவருக்குள் ஊறும் ஈரம்) ஏறிய சுவரில் அந்தப் பட்டி சில மாதங்களிலேயே செதில் செதிலாக உப்பி வரும்; விரலால் அழுத்தினால் உள்ளே காற்றுப் பை போல இருப்பது தெரியும்.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன் தெருவில் நின்று தெரு மட்டத்தையும் வீட்டின் தரை மட்டத்தையும் ஒப்பிடுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதால், சென்னையின் பல தெருக்களில் ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. அத்தகைய வீட்டுக்கு மழைநீர் மட்டும் பிரச்சினையாவதில்லை. பாதாளச் சாக்கடையின் மட்டமும் மேலே இருப்பதால் கனமழையில் கழிவுநீர் குளியலறை வழியாகத் திரும்பி வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 டிசம்பரில் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தாரிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதி என்றால் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விற்பவரின் விடையும் தெருக்காரர்களின் விடையும் வேறுபட்டால், தெருக்காரர்களின் விடையையே எடுத்துக்கொள்வது நல்லது.

மேலிருந்து கீழே இறங்கிச் சோதித்தல்

சோதனையை மொட்டை மாடியில் தொடங்குங்கள். சரிவு பார்க்க ஒரு ரசமட்டம், அளவுநாடா, ஒரு டார்ச் விளக்கு, ஒரு திருப்புளி, சிறு சுத்தியல், தாளும் பென்சிலும் போதும். மாடியின் தளம், மழைநீர் வெளியேறும் தூம்புகளை நோக்கிச் சரிகிறதா என்று பாருங்கள். பத்தடிக்கு இரண்டு அங்குலச் சரிவாவது இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் அது நின்று தேங்கும் பள்ளங்கள் தெரிந்துவிடும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தூம்பின் வாய், மாடித் தளத்தில் பதித்த தட்டையான ஓடுகளான தட்டோடுகளின் இடுக்குகள், சுவரில் வேர்விட்ட அரசங்கன்று அல்லது ஆலங்கன்று ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கன்றின் வேர் வெளியே தெரியும் அளவைவிட உள்ளே பல மடங்கு நீண்டிருக்கும், செங்கல் இடுக்கைப் பிளந்துகொண்டே போகும். தண்ணீர்த் தொட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை; அது சுவரின் மேல் இல்லாமல் தளத்தின் நடுவில் இருந்தால் அதன் அடியிலுள்ள உட்கூரையைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

மட்டப்பா வீடாக இருந்தால் இந்தக் கட்டத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். மட்டப்பாவின் அமைப்பை அறிந்தால்தான் அதன் நோயைக் கண்டறிய முடியும். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களையும் அவற்றின் மேல் குறுக்குக் கட்டைகளையும் வைத்து, ஏறத்தாழ ஓரங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாக அடுக்கிச் செல்வார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளம் மூன்று நான்கு அங்குலம் வரும். அதைக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதிப்பார்கள். செங்கல் வரிசையும் கட்டையும் ஒன்றையொன்று தாங்கும் இந்த ஏற்பாட்டில், மரம் உலர்ந்திருக்கும் வரை தளத்துக்குக் கேடு வருவது அரிது. நூறாண்டு தாண்டிய மட்டப்பாக்கள் இன்றும் ஒழுகாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

மரம் முதலில் உளுப்பது நடுவில் அன்று, சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். வெளிச்சுவரில் நீர் இறங்கினால் அந்த முனை நிரந்தர ஈரத்தில் இருக்கும், காற்றும் புகாது. எனவே ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் திருப்புளியின் நுனி நூலளவுக்கு மேல் இறங்காது. உளுத்த மரத்தில் அரை அங்குலம் எளிதாகப் போகும். குளியலறைக்கும் சமையலறைக்கும் மேலே உள்ள கட்டைகளையும், தெருவைப் பார்த்த வெளிச்சுவரில் பதிந்தவற்றையும் ஒன்றுவிடாமல் பாருங்கள். கட்டை கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா என்று ஒரு நூலைக் கட்டி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். செங்கற்கள் இடையில் உதிர்ந்து ஓட்டை விழுந்திருந்தால், அல்லது தளத்தின் மேல் பின்னாளில் சிமெண்டுப் பூச்சு ஏற்றியிருந்தால், அதையும் எழுதுங்கள். நூறு சதுர அடியில் ஓரங்குலக் கனத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டால் ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடை கூடுகிறது. ஒழுகும்போதெல்லாம் ஓர் அடுக்குச் சிமெண்டு போட்டே சமாளித்த வீடுகளில் அந்த மரக்கட்டைகள் எவ்வளவு சுமக்கின்றன என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஓட்டுக் கூரையில் வேலை எளிது. இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தில் பதித்த தகரம் துருப்பிடித்திருக்கிறதா, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின் கைமரங்கள் நுனியில் அழுகியிருக்கின்றனவா, ஓட்டைத் தூக்கிப் பார்த்தால் சட்டங்களில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை எங்கேனும் இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது, நனைத்து முழுத் தகடாகவே இறக்க வேண்டும் என்பதை மட்டும் குறித்து வையுங்கள். அதன் தூசி நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு செய்யும்.

கான்கிரீட் வீட்டில் கண் வைக்க வேண்டிய இடங்கள் வேறு. சன்ஷேடுகளின் அடிப்பகுதி, பால்கனி, குளியலறைக்குக் கீழே வரும் உட்கூரை, தண்ணீர்த் தொட்டியின் கீழ்த்தளம் ஆகிய நான்கிலும் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். கம்பியில் ஏறும் துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. அதனால் கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விழும் விரிசல், வெறும் பூச்சு விரிசலைவிடக் கடுமையான அறிகுறி. நீளமான கம்பு ஒன்றின் நுனியில் சிறு சுத்தியலைக் கட்டி உட்கூரையை அடி அடியாகத் தட்டிச் செல்லுங்கள். கணீரென்று ஒலிக்காமல் பொத்தென்று ஒலிக்கும் இடங்களில் கான்கிரீட் உள்ளே பிரிந்திருக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும், அந்நாளில் உப்பு நீரையோ கடற்கரை மணலையோ கலவையில் சேர்த்த பழக்கமும் இந்த நோயை விரைவுபடுத்துகின்றன. கம்பிக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 20 என்னும் வலிமைத் தரம் வேண்டும் என்ற நிபந்தனை 2000ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயத்தில்தான் வந்தது. அதற்கு முன் எம் 15 அனுமதிக்கப்பட்டிருந்தது. சென்னை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்த்தப்பட்டது 2002இல். ஆகவே 1980களின் வீட்டை இன்றைய விதிகளால் அளந்து அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், அதன் மேல் இன்னொரு மாடி எழுப்பலாம் என்ற எண்ணத்துக்கு மிகுந்த தயக்கம் வேண்டும்.

சுவர்களுக்கு வருவோம். விரிசல்களை அவற்றின் திசையாலும் அகலத்தாலும் படிக்க வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் செங்கல் இடுக்கு வழியே ஏறும் சாய்வு விரிசல் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதைக் காட்டுகிறது. மேலே அகன்று கீழே குறுகுகிறதா, மாறாக இருக்கிறதா என்பதிலிருந்து எந்தப் பக்கம் இறங்கியது என்பதைப் பொறியாளர் சொல்லிவிடுவார். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற விரிசல் எதுவும் கேள்விக்கு உரியது. விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: உள்ளே பழைய வண்ணமும் தூசியும் இருந்தால் அது நெடுநாளாக அசையாமல் நிற்கிறது, விளிம்புகள் கூர்மையாகவும் சுத்தமாகவும் இருந்தால் இன்னும் விரிந்துகொண்டிருக்கலாம். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் கரிசல் மண்ணில் நிற்கும் வீடுகளில் பருவத்துக்குப் பருவம் மூடித் திறக்கும் விரிசல்கள் உண்டு. அவற்றைச் சாந்து பூசி அடைத்துப் பயனில்லை.

ஓதம் தரையிலிருந்து ஏறுகிறதா, குழாயிலிருந்து கசிகிறதா, கூரையிலிருந்து இறங்குகிறதா என்று பிரித்தறிய வேண்டும். எல்லாச் சுவர்களிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஒரு கோடு போல ஈரமும் உப்பும் இருந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் குழாயைச் சந்தேகிக்கலாம். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சு இருக்கிறதா என்பதை இங்கே கட்டாயம் பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டு உலரும் இயல்புடையது. மேலே சிமெண்டு பூசி மூடினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறுகிறது. இடுப்பளவு இருந்த ஓதத்தைத் தோளளவுக்கு ஏற்றிய சிமெண்டுப் பூச்சுகள் பழைய தெருக்களில் எத்தனையோ உண்டு.

மின்கம்பி, குழாய் ஆகியவற்றைப் பற்றி நீண்ட ஆய்வு தேவையில்லை. மரச்சட்டத்தின் மேல் ஓடும் கம்பியோ, நில இணைப்பு (எர்த்) இல்லாத பிளக்கோ, பீங்கான் பியூஸ் பெட்டியோ இருந்தால் முழு வீட்டுக்கும் புதிதாக வயரிங் செய்ய வேண்டும் என்றே கணக்கில் எழுதுங்கள். துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய்களும் (ஜி.ஐ.) அப்படியே, புதிதாக மாற்ற வேண்டியவை. கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, கிணற்றுக்கும் அதற்கும் எவ்வளவு தொலைவு, பாதாளச் சாக்கடை இணைப்பு உண்மையில் கொடுக்கப்பட்டிருக்கிறதா அல்லது கட்டணம் மட்டும் கட்டப்பட்டிருக்கிறதா என்பவற்றை நேரில் மூடியைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

பத்திரங்களில் பழைய வீட்டுக்கே உரிய சிக்கல்கள்

பொறியாளருக்குக் கட்டணம் கொடுப்பதற்கு முன்பே பத்திர நகல்களை வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கட்டடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உரிமை சரியில்லை என்றால் மற்றச் செலவு வீண். மூலப்பத்திரம், அதிலிருந்து இன்றுவரை தொடர்ந்து வரும் பத்திரங்கள், குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, நகரமாக இருந்தால் நகர நிலஅளவைப் பதிவேட்டு நகல், சொத்துவரி ரசீது ஆகியவை அடிப்படை. இவை எல்லா வீட்டுக்கும் பொது. பழைய வீட்டுக்கு இவற்றோடு இன்னும் சில கேள்விகள் சேர்கின்றன.

முதலாவது, அடிமனை யாருடையது என்பது. கோயில் நகரங்களின் சன்னிதித் தெருக்களிலும் அக்கிரகாரங்களிலும் நிலம் கோயிலுக்கும் கட்டடம் குடியிருப்பவருக்கும் உரிமையாக இருக்கும் வீடுகள் பல. அங்கே நீங்கள் வாங்குவது கட்டடத்தை மட்டுமே. நிலத்துக்கு அடிமனை வாடகை கட்ட வேண்டும், சீரமைப்புக்கும் நிலத்துக்கு உரியவரின் அனுமதி தேவைப்படும். அறநிலையத் துறை அலுவலகத்திலும், வக்பு நிலம் என்ற ஐயம் இருந்தால் வக்பு வாரியத்திலும் சர்வே எண்ணைக் கொடுத்து விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது, வாரிசுகள். பூர்வீக வீட்டை மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும் நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கு உரிமை அளித்தன. அது பிறப்பால் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிப்படுத்தியது. எனவே திருமணமாகி வெளியூரில் இருக்கும் அத்தைமார், சகோதரிகள் ஒவ்வொருவரின் கையெழுத்தோ பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னொரு பத்திரத்தில் மைனரின் பங்கை நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்றிருந்தால், அவர் பதினெட்டு வயது நிறைந்த பின் மூன்று ஆண்டுக்குள் அதை எதிர்த்து வழக்குத் தொடரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, செக்குபந்தி, அதாவது மனையின் எல்லை விவரம். பழைய பத்திரங்களில் நான்கெல்லையும் கிழமேல், தென்வடல் ஜாதியடிக் கணக்கும், அதாவது அடியில் நீள அகலமும், எழுதியிருக்கும். அவற்றோடு பொதுச்சுவர், கிணற்றுப் பாத்தியம் (கிணற்றைப் பயன்படுத்தும் உரிமை), நடைபாதைப் பாத்தியம், ஓட்டுத் தண்ணீர் விழும் பாத்தியம் போன்ற வரிகளும் இருக்கும். இந்த வரிகளை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய தெருவில் பக்கத்து வீட்டு உத்திரமும் உங்கள் வீட்டு உத்திரமும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சுவரை நீங்கள் தனியாக இடிக்கவோ உயர்த்தவோ முடியாது. அளவுநாடாவால் மனையை அளந்து, பத்திரத்தோடும் நிலஅளவைப் புலப்படத்தோடும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் சர்வேயரைக் கொண்டு அளந்து முடித்த பிறகே மேலே பேசுங்கள்.

வாடகைக்கு யாரேனும் குடியிருந்தால், அவர் காலிசெய்து சாவி கைக்கு வந்த பின்னரே கிரயம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பொறியாளரும் விலையும்

தரகரோ விற்பவரோ காண்ட்ராக்டரோ அழைத்துவரும் பொறியாளரை ஏற்க வேண்டாம். சுண்ணாம்பு வீட்டுக்கு, சுண்ணாம்பு வேலை செய்த அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளரும், உடன் ஒரு மூத்த கொத்தனாரும் ஆசாரியும் வேண்டும். மட்டப்பாவைப் பார்த்ததும் இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்று சொல்பவருக்கு அதைச் சோதிக்கத் தெரியாமல் இருக்கலாம். கான்கிரீட் வீட்டுக்கு, கான்கிரீட்டின் வலிமையை உடைக்காமல் கணிக்கும் ரீபவுண்ட் சுத்தியல் சோதனை, மீயொலிச் சோதனை, கம்பியின் மேலுள்ள மூடுகனத்தை அளக்கும் சோதனை ஆகியவற்றை ஐயத்துக்குரிய இடங்களில் செய்யச் சொல்லலாம். மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் விற்பவரின் ஒப்புதலுடன் இரண்டு இடங்களிலாவது அஸ்திவாரத்தின் அடி தெரியும்வரை சோதனைக் குழி வெட்டிப் பார்க்க வேண்டும். அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். உடனே செய்ய வேண்டியவை, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை, காத்திருக்கக் கூடியவை என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

அந்த முதல் பிரிவின் செலவே விலை பேசுவதற்கான ஆயுதம். நிலத்தின் மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் தனித்தனியாகப் போட்டு, கட்டட மதிப்பிலிருந்து உடனடிப் பழுதுச் செலவைக் கழித்துப் பேசுங்கள். தேக்கு மரம், பர்மா தேக்குக் கதவுகள், கருங்கல் தூண்கள், ஆத்தங்குடிக் கல் ஆகியவை விலையில் அடக்கம் என்பதைக் கிரய ஒப்பந்தத்தில் பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் இடையில் கதவுகளும் ஊஞ்சல் பலகையும் காணாமல் போவது நடக்கிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். வெள்ளைத்தாளில் எழுதி முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சீரமைப்பைத் திட்டமிடுதல்

பதிவு முடிந்ததும் இடிக்கத் தொடங்காதீர்கள். முதலில் வீட்டை முழுவதும் அளந்து தளவாரியாக வரைபடம் போடுங்கள். சுவரின் கனம், கட்டைகளின் திசை, தூம்புகள், கழிவுநீர் வழி, ஓதத்தின் உயரம், விரிசல்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த வீடுகளில் பெரும்பாலும் கான்கிரீட் தூண்கள் இல்லை. சுவர்களே எடையைத் தாங்குகின்றன. ஆகவே இரண்டு அறைகளை ஒன்றாக்க ஒரு சுவரை எடுக்க வேண்டும் என்றால், எந்தச் சுவரின் மேல் உத்திரம் உட்கார்ந்திருக்கிறது என்பது வரைபடத்தில் தெரிந்தாக வேண்டும். எடுப்பதாக இருந்தால் முட்டுக் கொடுத்து, இரும்பு கர்டர் ஏற்றி, அது உட்காரும் இடத்தைப் பலப்படுத்திய பிறகே செங்கல்லைத் தொட வேண்டும். கட்டமைப்பை மாற்றுவதற்கும் பரப்பைக் கூட்டுவதற்கும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். கூரையை மட்டும் மாற்றினாலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலைகளின் வரிசை இதுதான்: வீட்டைச் சுற்றியுள்ள தரைமட்டமும் வடிகாலும், கூரை, கட்டமைப்புப் பழுது, கரையான் தடுப்பு, கழிவுநீரும் குடிநீரும், மின்கம்பி, பூச்சு, தரை, மரவேலை, வண்ணம். முன்னுள்ளது முடியாமல் பின்னுள்ளதைத் தொட்டால் இரண்டு முறை செலவாகும். கூரை வேலை தை மாதத்தில் தொடங்கி ஆடிக்குள் முடிந்தால் சுண்ணாம்பு இறுகப் போதுமான காலம் கிடைக்கும்.

மட்டப்பாவில் மரம் நன்றாக இருந்து ஒழுக்கு மட்டும் இருந்தால் அதைக் காப்பாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. தட்டோட்டையும் பின்னாளில் ஏற்றிய சிமெண்டு அடுக்குகளையும் எடுத்து எடையைக் குறைத்து, சுண்ணாம்பிலேயே சுருக்கித் தளம் போட்டு, சரிவு கொடுத்துப் புதிதாகத் தட்டோடு பதித்தால் அந்தத் தளம் பல ஆண்டுகளுக்குத் தாங்கும். முனை உளுத்த கட்டைகளை ஒவ்வொன்றாக, முட்டுக் கொடுத்து, மாற்றலாம். அல்லது சுவரை ஒட்டி இரும்புத் தாங்கி வைத்து மிஞ்சிய நல்ல மரத்தையே பயன்படுத்தலாம். புதிய முனையைச் சுவருக்குள் இறுகப் பூசாமல் சுற்றிலும் சிறிது காற்று இடம் விடுங்கள். பாதிக்கு மேற்பட்ட கட்டைகள் கெட்டிருந்தால் மட்டுமே தளத்தை முழுவதும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். எப்படியானாலும் மட்டப்பாவின் மேல் குளியலறை வைக்க வேண்டாம். குளியலறைகளைப் பின்கட்டின் கான்கிரீட் பகுதியில், தரைத்தளத்தில் தொகுத்து வையுங்கள்.

சுவர் ஓதத்துக்கு முதல் மருந்து வெளியே இருக்கிறது: சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணையும் சிமெண்டு நடைபாதையையும் எடுத்து, தண்ணீர் விலகிப் போகும்படி சரிவும் வடிகாலும் அமைப்பது. அதன்பின் ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை சிமெண்டுப் பூச்சை உரித்து, ஒரு கோடை முழுவதும் சுவரை உலரவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, சுண்ணாம்பு வண்ணமே அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் அந்தச் சுவருக்கு ஆகாது. சாலையைவிடத் தரை மிகவும் தாழ்ந்திருந்தால் உள்தரையை உயர்த்துவது ஒரு வழி. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவதும் சென்னையில் நடக்கிறது. சுண்ணாம்புச் சுவர் வீட்டை அப்படித் தூக்குவதற்குத் தனியாகப் பொறியாளரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் இறங்கக் கூடாது. சாக்கடை இணைப்பில் திரும்பு நீரைத் தடுக்கும் வால்வைப் பொருத்திவிடுங்கள்.

கான்கிரீட் பழுதில் குறுக்குவழி கிடையாது. உதிர்ந்த இடத்தில் மேலே சாந்து பூசினால் உள்ளே துரு தொடரும். பலவீனமான கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவை முழுவதும் தேய்த்து நீக்கி, கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். கம்பியின் கனத்தில் கால் பங்கு குறைந்திருந்தால் புதிய கம்பி சேர்ப்பது பற்றிப் பொறியாளர் முடிவு சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்வதற்கு முன், ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டு அதை நிறுத்த வேண்டும். சரிவே இல்லாத மாடியில் நீர்த்தடுப்பு ரசாயனம் பூசுவது பணத்தைத் தேங்கிய நீரில் கொட்டுவதாகும்.

கரையான் தடுப்புக்குச் சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒரு துளையிட்டு மருந்து செலுத்துவார்கள். புதிய தரை போடுவதற்கு முன்பே அதை முடிக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் குழாய்க்காகவும் வயருக்காகவும் நீளமான கிடைக்கோட்டு வெட்டுகள் கூடாது. கூடியவரை சுவரின் மேலேயே ஓட்டுங்கள். மின்பலகையில் முப்பது மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்ச் கட்டாயம்.

ஒப்பந்தமும் பணமும்

பழைய வீட்டுக்கு மொத்தத் தொகை ஒப்பந்தம் பொருந்தாது, ஏனென்றால் சுவரைத் திறக்கும் வரை உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. வேலைவாரியாக விலை பேசி, செய்த அளவை அளந்து பணம் கொடுக்கும் முறையே இருவருக்கும் நியாயமானது. மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் கால் பங்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அதைத் தரைக்கும் சமையலறை அலமாரிக்கும் முன்கூட்டியே செலவழித்துவிடாதீர்கள். இடிபாட்டில் வரும் மரம், ஓடு, செங்கல், கல் எல்லாம் உங்களுக்கே உரியவை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பழைய செங்கல்லை உடைத்தால் சுருக்கிக்கு ஜல்லி ஆகும், உத்திரத்தின் நல்ல பகுதி கதவு நிலையாகும். மறைந்துபோகும் ஒவ்வொரு வேலையையும், அதாவது கம்பிக்குப் பூச்சு கொடுத்ததையும் குழாய் பதித்ததையும் கட்டையின் முனையையும், மூடுவதற்கு முன் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை நிறுத்தி வைப்பதாகத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மழை நாளில் அதே வரைபடத்துடன் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஈரம் தெரியும் இடங்களைக் குறித்து, அவற்றைச் சரிசெய்த பிறகு அந்தத் தொகையைக் கொடுங்கள்.